சிறுமலைக் குரங்கு வம்சம்

அந்தோணியார் சொரூபத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் வடமதுரைப் பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடக்குத் தெரு ஸ்தனிஸ்லாஸ் மதியச் சோற்றில் முதல் கவளத்தை வாயில் வைத்த நேரம், ஞானோபதேச வகுப்பிலிருந்து திரும்பிய மகள் சகாயசெல்வி கேட்டாள்.

"ஏம்ப்பா, குழிவெட்டுற பாஸ்கல் நமக்கு என்ன முறை? மாமாவா, பெரியப்பாவா?"

கவளம் தொண்டையில் நின்றுவிட்டது. சம்சாரம் உச்சந்தலையில் தட்டியும் இறங்கவில்லை. பாஸ்கல் தெற்குத் தெரு. அந்தத் தெருவுக்குக் கோயிலில் தனி வாசல், கல்லறையில் குறுக்கே சுவர், பள்ளிக்கூடத்தில் தனித் தண்ணீர்ப் பானை. அந்தத் தனிப் பானையைத்தான் புது டீச்சர் ஆனந்தமேரி போன வாரம் அப்புறப்படுத்திவிட்டு, எல்லாருக்கும் ஒரே பானை என்று வைத்திருந்தாள். அத்தனை பேரும் ஒரே ஆதாம் ஏவாளின் பிள்ளைகள் என்று ஞானோபதேசப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறதே என்பது அவள் வாதம்.

"மாமான்னு சொல்லிப்புடாதீக. நாளைக்கு அவன் மகனுக்குப் பொண்ணு கேட்டு வருவான். பெரியப்பான்னே சொல்லுங்க" என்றாள் சம்சாரம்.

"பெரியப்பான்னா பங்காளியாச்சேடி. கெணத்துல பங்கு கேப்பானே."

கையைக் கழுவிக்கொண்டு நேரே பங்குச்சாமியாரிடம் போனார். பள்ளிக் கமிட்டித் தலைவர் என்ற முறையில், பானை மறுபடி இரண்டாகவில்லை என்றால் டீச்சருக்கு வேலை கிடையாது என்றார். முடிந்தால் ஆதாமையும் இரண்டாக்கித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொண்டார்.

சாமியார் படித்தவர், பயந்தவர். பாப்பரசர் எட்டு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டதை விளக்கினார். மனுஷ உடம்பு மிருகத்திலிருந்து வந்ததா என்று படித்தவர்கள் ஆராயலாம், தடையில்லை. ஆனால் ஆதாம் ஒருவர்தான். அதில் கைவைக்க முடியாது.

சயின்ஸ் புத்தகத்தில் குரங்குப் படம் இருக்கிறது, வேதத்துக்கு விரோதம் என்று போன மாசம் அதே சாமியாரிடம் மனுக் கொடுத்த ஸ்தனிஸ்லாஸ்தான் இப்போது கேட்டார்.

"சாமி, குரங்கு மொத்தம் எத்தனைன்னு எழுதியிருக்காரா?"

அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார் சாமியார்.

அன்று மாலையே வடக்குத் தெரு கூடித் தீர்மானம் போட்டது. நாங்கள் சிறுமலைக் குரங்கு, மலைவாழைப்பழம் தின்று வளர்ந்த வம்சம். தெற்குத் தெருவின் குரங்கு எந்த மலை என்பதைக் கமிட்டி விசாரித்துச் சொல்லும்.

ஆனந்தமேரி டீச்சர் தீர்மானத்தை இரண்டு தரம் படித்தாள். சிரிக்கவில்லை.

"நல்லதுய்யா. ஆதாம் பிள்ளைகளுக்கு ஒரு பானை, குரங்குப் பிள்ளைகளுக்கு ஒரு பானை. 'எங்க வம்சம் குரங்கு'ன்னு ஒவ்வொருத்தரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பதிவேட்ல பிள்ளைக பேருக்கு நேரா ஏத்திர்றேன்."

இருபத்தேழு குடும்பத் தலைவர்கள் போட்டார்கள். நாலு கைநாட்டு. புதுப் பானையில் 'குரங்கு வம்சத்தார் மட்டும்' என்று டீச்சர் சுண்ணாம்பால் எழுதிவைத்தாள்.

மறுநாள் காலை சிறுமலையிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து அந்தப் பானைக்கு முன்னால் வரிசையாக நின்றன. நானே எண்ணினேன், அறுபத்து மூன்று. வேடிக்கை பார்க்க வந்த ஸ்தனிஸ்லாஸின் தோளில் ஒரு கிழக்குரங்கு உரிமையோடு ஏறி உட்கார்ந்து பேன் பார்க்க ஆரம்பித்தது.

சகாயசெல்வி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். நடந்து போய் மற்றப் பானையில் மொண்டு குடித்தாள்.

"டீச்சர், என் பேருக்கு நேரா இருக்கிறத அடிச்சிருங்க."

பின்னாலேயே வடக்குத் தெருப் பிள்ளைகள் அத்தனையும் போய்க் குடித்தன. தோளிலிருந்து குரங்கு இறங்குவதாக இல்லை. வெயிலேறியதும் ஸ்தனிஸ்லாஸுக்கே நாக்கு வறண்டது. வேலியோரம் நின்ற பாஸ்கல் பிள்ளைகள் குடித்த அதே பானையில் மொண்டு நீட்டினார். இவர் வாங்கிக் குடித்தார்.

"அண்ணே, கெணத்துல மட்டும் பங்கு கேட்றாதீக."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் பாஸ்கல்.

அந்த வருஷம் ஜூன் மாசம் லீவு முடிந்து அதே கமிட்டி பள்ளிக்கூடத்தைத் திறந்தபோது தெற்குத் தெருவுக்கு மறுபடி தனிப் பானை இருந்தது, ஆனந்தமேரி டீச்சர் இல்லை.