மாத்திரை இல்லாத வீடு

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கோணலாக நின்றது. விசில் மாஸ்டர் அதை முழங்காலால் இடித்து நேராக்கினார். ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மனைவி படுத்திருக்கிறாள். மனுஷன் வாசலில் விளையாட்டு விழாவுக்குப் போடுவதுபோல நாற்காலி வரிசை பார்த்துக்கொண்டிருந்தார்.

"துக்கத்துல கை சும்மா இருக்க மாட்டேங்குது, பாவம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

துக்கம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் உள்ளே போனால் பெட்டியைப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளையும் பார்க்க வேண்டும். அதற்கு நாற்காலிகள் எவ்வளவோ மேல்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. பூங்காவில் நாற்பது பேரைத் திரட்டி நடைச் சங்கம் தொடங்கினார். முதலில் அவர்கள் வீடுகளில் சர்க்கரை போயிற்று, பிறகு உப்பு, பிறகு மாத்திரை. "எங்க வீட்ல மாத்திரைங்கிற பேச்சே கிடையாது" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குக் காலை விடியாது. அவர் பேச்சைக் கேட்டு யார் யார் எதையெதை நிறுத்தினார்களோ, அது அவரவர் வீட்டுக்கே வெளிச்சம்.

அவர் மனைவி பெரிய கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஐந்நூறு எண்கள் தலைக்குள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று தப்பு எண்ணைக் கேட்டவர்கள் உண்டு என்று தெருவில் ஒரு பேச்சு. பத்து வருஷத்துக்கு முன் கழுத்தில் கட்டி வந்து, தைராய்டு சுரப்பியில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வெறும் வயிற்றில் மிளகளவு ஒரு மாத்திரை. வீட்டில் இருந்த ஒரே மாத்திரை அதுதான். மாஸ்டருக்கு அது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

"மிச்சம் கால்வாசி இருக்குல்ல? அதை வேலை வாங்கணும். நீ பாட்டுக்கு மாத்திரையைக் குடுத்துக்கிட்டிருந்தா அது எதுக்கு உழைக்கும்?" என்றார் பதினாலு மாதத்துக்கு முன். சோம்பேறிப் பையனை மைதானத்தில் ஓடவிடுகிற அதே கணக்கு.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?" என்றாள் அவள்.

"நான் பார்க்காத உடம்பா?"

மறுநாளிலிருந்து மாத்திரை நின்றது. முதல் இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் பூங்காவில் நெஞ்சை நிமிர்த்தினார். அதன்பின் அவளுக்குக் குளிரத் தொடங்கியது. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் கம்பளி கேட்டாள். முகம் ஊதியது. அந்தக் குரல் தடித்து, கரகரத்து, பாதி வாக்கியத்தில் நின்று யோசித்தது. பூங்காவை ஒரு சுற்று வர ஒன்பது நிமிஷம் எடுத்தவள் பதினாலு நிமிஷம் எடுத்தாள். மாஸ்டர் ஸ்டாப்வாட்ச்சைத் தூக்கிக் காட்டி, "ஆமை வந்துடுச்சு, எல்லாரும் கை தட்டுங்க!" என்பார். சங்கமே சிரிக்கும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சம் தாமதமாக, அவளும் சிரிப்பாள்.

ஒருநாள் மளிகைக் கடையில் தன் வீட்டு எண்ணைச் சொல்லத் தெரியாமல் நின்றாள். மறதி நோய் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. மாஸ்டரும் அதில் கையெழுத்துப் போட்டார். வயசாகிவிட்டது என்று சொல்வதில் ஒரு வசதி, யார் மேலும் பழி கிடையாது பாருங்கள்.

நேற்று முன்தினம் காலை அவள் எழுந்திருக்கவில்லை. சோம்பல் என்று நினைத்து அவர் மட்டும் நடக்கப் போனார். திரும்பி வந்து தொட்டபோது உடம்பு சில்லென்று இருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்துகொண்டிருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் டாக்டர் கேட்டாள்: "ரெகுலரா என்ன மாத்திரை எடுக்கறாங்க?"

"ஒண்ணுகூட கிடையாது டாக்டர். அறுபத்து மூணு வயசு. ஒரே ஒரு மாத்திரை கிடையாது!"

வாய் பழகிப்போன வாக்கியம். தன்னால் வந்துவிட்டது, கூடவே அந்தப் பூங்காச் சிரிப்பும். டாக்டர் பக்கவாதமா, கிருமியா என்று வேறு வேறு பக்கம் தேடினாள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவோடு ஓடி வந்து, கழுத்து மடிப்பை விலக்கித் தழும்பைப் பார்த்தாள்.

"சார், இது என்ன?"

அவர் சொன்னார், மாத்திரையை நிறுத்தியதையும் பிறகு வந்த மறதி நோயையும். சொல்லும்போது குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இந்த ஹார்மோன் இல்லன்னா உடம்பு எதையும் எரிக்க முடியாது சார். மூளையும்தான். அவங்களுக்கு மறதி நோய்னு யார் சொன்னது? மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சிருந்தா பெரும்பாலும் தெளிஞ்சிருப்பாங்க." ஊசி போட்டுக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவள் திட்டவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது.

இன்று வாசலில் வந்து கேட்டவர்களிடமெல்லாம் மாஸ்டர், "ஹார்ட்" என்றார்.

"அப்பா, கொஞ்சம் உள்ள வாங்க."

மகள் சமையலறை வாசலில் நின்றாள். வெளியூரில் வரைபட அலுவலகத்தில் வேலை. ஞாயிறுதோறும் போனில், "அம்மா மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்பாள். "எல்லாம் கரெக்டா நடக்குது" என்பார் இவர். நடைதானே, நடந்துகொண்டுதான் இருந்தது.

"என்னம்மா? ஏதாவது சாப்பிட்டியா?"

"ஒரு விஷயம் சொல்லணும். இப்ப சொல்லக்கூடாதுதான்." அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். "போன வாரம் ஆபீஸ் பாஸ்வேர்டை மூணு தடவை மறந்துட்டேன். அம்மாவுக்கு வந்த மாதிரியே எனக்கும் ஆரம்பிச்சிடுச்சுப்பா."

"அதெல்லாம் எல்லாரும் மறக்கறதுதான்..."

"இல்லப்பா. அது பரம்பரையா வரும்னு படிச்சேன். என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், குழந்தை வேண்டாம்னு. நாளைக்கு அதோட பேரையே மறந்துட்டு முழிச்சா? அம்மா என்னை யாருன்னு கேட்டாங்களே போன தடவை. அந்த மாதிரி ஒரு பிள்ளைகிட்ட நான் கேட்க மாட்டேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைச் சொன்னால் அவள் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். ஆனால் அதை எங்கே வைப்பது? இவர் தலையில்தான். மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற தொண்டையிலிருந்து, "குடிக்கத் தண்ணி வச்சியா?" என்ற கேள்விதான் வந்தது. மகள் டம்ளரை நீட்டினாள்.

வாசலில் சலசலப்பு. நடைச் சங்கம் வந்துவிட்டது, மஞ்சள் பனியனில் இருபது பேர், பெரிய மலர்வளையத்தோடு. செயலாளர் ஒரு வங்கிக்காரர். பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் சாவு வீடு என்றும் பார்க்க மாட்டார். பெட்டியருகே நின்று தொண்டையைக் கனைத்தார்.

"நம்ம மாஸ்டர் வீட்டம்மா கடைசி மூச்சு வரைக்கும் ஒரு மாத்திரையைக் கையால தொடாதவங்க. அவங்க வழியிலேயே நாமளும்..."

பெட்டியருகே திரும்பி வந்து உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். செயலாளரை அல்ல, அப்பாவை.

"தொட்டா" என்றார் மாஸ்டர்.

"என்ன மாஸ்டர்?"

"மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தா. பத்து வருஷமா. நல்லாத்தான் இருந்தா. நான்தான் நிறுத்தினேன்." மகள் பக்கம் திரும்பினார், கண் மட்டும் அவள் காலடிக்கு மேலே ஏறவில்லை. "அம்மாவுக்கு மறதி நோய் இல்லம்மா. நான் நிறுத்தினதால வந்தது. டாக்டரே சொல்லிட்டாங்க. உனக்கு அது வராது. உனக்கு ஒண்ணும் இல்ல."

எதிர்வீட்டுக்காரி புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு ஆகிற சேதியாயிற்றே, ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு அதில் ருசி இருக்கவில்லை. பனியன்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். பின்வரிசையிலிருந்து தையல்கார அம்மா மட்டும், மெல்ல, ரொம்ப மரியாதையாக, "அப்ப நான் என்னோட பிரஷர் மாத்திரையை மறுபடி போட்டுக்கட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டாள்.

"இன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. எல்லாரும் போங்க. என்கிட்ட கேட்காதீங்க."

மகள் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் திறந்தபடியே கிடந்தது. நாலு மணிக்கு வண்டி வந்தபோதுதான் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

பெட்டியை ஏற்றினார்கள். பக்கவாட்டில் இருவர் உட்காரும் நீள இருக்கை. மகள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் தன் கைப்பையை வைத்தாள்.

மாஸ்டர் கீழே நின்றார். ஏறச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"வேற யாராவது வர்றாங்களா?" டிரைவர் திரும்பிக் கேட்டார்.

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே கையை நீட்டிப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.