கழிக்கரைக்காரி

விஜயலட்சுமி அந்த நரியை முதன்முதலில் பார்த்தது மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாத நேரத்தில்.

மும்பை சீத்தா கேம்பில் அவள் வீடு கடைசி வரிசை. வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு சந்து. சந்தை ஒட்டி மதில். ஓரிடத்தில் அது இடிந்து வாய் பிளந்து நிற்கும். அதற்கு அப்பால் அலையாத்திக் காடும் சேறும் கடல்தண்ணீர் ஏறி வற்றும் கழியும்தான். குழாயில் தண்ணீர் ஆறேகாலுக்கு வந்து அரை மணியில் நின்றுவிடும் என்பதால், டிரம்முக்குள் ரப்பர் டியூபைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். பிறகு செம்பூரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். கணவர் நம்பிராஜன் டெம்போ ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் நாசிக் சாலையில்தான் இருப்பார்.

அன்றைக்கு மதில் பிளவில் ஏதோ நின்றது. தெரு நாய் என்று நினைத்தாள். ஆனால் நாய்க்கு இத்தனை மெல்லிய காலா? நாய் என்றால் ஆளைப் பார்த்து வாலாட்டும், இல்லாவிட்டால் குரைக்கும். இது ஒன்றும் செய்யவில்லை. வாலைத் தொங்கவிட்டு, மூக்கை லேசாகத் தூக்கி, இவள் யார் என்று காற்றில் விசாரித்துக்கொண்டு நின்றது. டிரம் வழிந்து காலை நனைக்கவும் அவள் குனிந்து டியூபை எடுத்தாள். நிமிர்ந்தபோது பிளவில் ஒன்றும் இல்லை.

தாராவியில் பிறந்து வளர்ந்த விஜயலட்சுமி நரியைக் கண்டதில்லை. நரியைப் பற்றிய பேச்சைத்தான் கேட்டிருக்கிறாள். யாருக்காவது எதிர்பாராமல் ஒரு நல்லது நடந்துவிட்டால், “நீ இன்னைக்கு நரி மொகத்துலல்லா முழிச்சிருக்க” என்பாள் அவள் அம்மா. அன்றைக்குப் போய் நின்றதும் பஸ் வந்தது. உட்கார இடமும் கிடைத்தது. முட்டி வலிக்கிறது, நாலாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரே கூப்பிட்டு, நாளையிலிருந்து கீழே பார்த்துக்கொள் என்றார்.

சாயங்காலம் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டு மர்யத்திடம் போய்ச் சொன்னாள். மர்யம் காயல்பட்டினத்துக்காரி, விஜயலட்சுமியைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் கணவர் முகம்மது ஹனீபுக்குக் குர்லாவில் ரெக்சின் பை தைக்கும் பட்டறை. அக்காவை அவர்கள் ஊரில் கூப்பிடுவதுபோல விஜயலட்சுமியும் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். பதினெட்டு வருஷமாக இரண்டு அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர்தான். குழம்புக் கிண்ணம் எந்த வீட்டுடையது என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

“பம்பாய்ல நரியா? நல்லா கண்ணக் கழுவிட்டுப் பாருட்டி. நாயாருக்கும்” என்றாள் மர்யம்.

“நாயில்ல லாத்தா. நாய்க்கு அந்த மாதிரி நிக்கத் தெரியாது.”

மர்யம் நம்பவில்லை. பதினாறு நாள் கழித்து அவளுடைய கோழி ஒன்று காணாமல்போனது. மதில் பிளவில் செந்தவிட்டு நிறத்தில் இறகுகள் கிடந்தன. சேற்றில் காலடித் தடம் நேர்க்கோடாக, நூல் பிடித்ததுபோல, காட்டைப் பார்த்துப் போயிருந்தது. மர்யத்துக்குச் சந்தில் ஐந்து கோழிகள் உண்டு. போனது செவப்பி; பேர் சொல்லிக் கூப்பிட்டால் அடுப்படிக்குள்ளேயே வந்து நிற்கிற கோழி.

“எலி மருந்து வாங்கியாரச் சொல்லிட்டேன்” என்றாள் மர்யம், அழுது முடித்த குரலில். “கோழிக்கொடல்ல தடவி மதிலு மேல வச்சா முடிஞ்சுது சோலி.”

“வேண்டாம் லாத்தா.”

“ஏன் வேண்டாங்குற?”

“அதப் பாத்த நாள்லருந்து எனக்கு எல்லாம் நல்லபடியா நடக்கு.”

மர்யம் அவள் பக்கம் திரும்பினாள். “ஒனக்கு நல்லது நடக்கதுக்கு என் செவப்பி சாவணுமாட்டி?”

கேட்டது நியாயம் என்பது விஜயலட்சுமிக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “நீ மருந்து வச்சேன்னா ஒன் வீட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லோடு பேச்சு நின்றது. கிண்ணம் போவதும் வருவதும் நின்றது.

மூன்று வாரம். பேச ஆள் இல்லாத அந்த மூன்று வாரமும் விஜயலட்சுமி விடிகாலையில் மதில் பிளவோரம் நின்று காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்த இடம் அது. குப்பை கொட்டுகிற பக்கம், கொசு வருகிற பக்கம் என்பதற்குமேல் அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இப்போதுதான் தண்ணீர் தினமும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை என்பதைக் கவனித்தாள். சில விடியலில் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு பளபளத்துக் கிடந்தது. நரி அதில் எங்கோ தொலைவில், ஒரு தவிட்டுப் புள்ளியாக, குனிந்து குனிந்து எதையோ கிண்டித் தின்றது. ஒருநாள் அது கிட்டத்தில் தின்றபோது தெரிந்தது: நண்டு. கடிவாங்காமல் இருக்க, நண்டை முன்காலால் புரட்டி மல்லாத்திவிட்டுத்தான் வாய் வைத்தது. வேறு சில விடியலில் தண்ணீர் மரங்களின் இடுப்பு வரை நின்றது. சேறே இல்லை. அந்த நாட்களில்தான் நரி மதிலோரம் வந்து எலிக்குக் காத்திருந்தது.

அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விடியலில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. அஷ்டமி, நவமியை ஒட்டி ஏறி நின்றது. அவள் முதன்முதல் நரியைப் பார்த்தது அஷ்டமி. செவப்பி போனது நவமிக்கு மறுநாள். நரி அவளுக்கு அதிர்ஷ்டம் கொண்டுவரவில்லை. நண்டுக்கு வழியில்லாமல் பசியோடு வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததும் அவளுக்கு உடனே மர்யத்திடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சுவர் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். சந்தில் நாய்கள் ஒரே ரகளை. ஏதோ பிளாஸ்டிக் குடம் சுவரில் மோதுவதுபோல டப், டப் என்று சத்தம். அதற்குமேல் மர்யத்தின் குரல் கேட்டது.

“விஜயா. ஏட்டி விஜயா. ஒன் நரி வந்துருக்கு, வா.”

விஜயலட்சுமி ஓடினாள். சந்து மூலையில் நரி. அதன் தலை ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடிக்குள் கழுத்து வரை மாட்டியிருந்தது. யாரோ நெய் ஜாடியை மிச்சத்தோடு வீசியிருக்க வேண்டும். கண்மண் தெரியாமல் காட்டிலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. நாலு நாய்கள் சூழ்ந்து நின்றன. நாய்களுக்கும் நரிக்கும் நடுவே மர்யம், கையில் தென்னந்துடைப்பத்தோடு, தலைத்துணி நழுவியதுகூடத் தெரியாமல் நின்றாள்.

விஜயலட்சுமி நேரே போய் ஜாடியைப் பிடிக்கப் பார்த்தாள். மர்யம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கோட்டியாட்டி ஒனக்கு? கடிச்சா வெறிநாய்க்கடி மாதிரித்தான். தொடாத. ஜோயா போன் பண்ணிட்டிருக்கா.”

மர்யத்தின் மகள் ஜோயா, காலேஜில் படிப்பவள், வாசலில் நின்று வனத்துறை உதவி எண்ணில் இந்தியில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். “ஒரு மணி நேரத்துல ஆளு வருது ஆன்ட்டி. அதுவரைக்கும் கிட்ட போவாதீங்க, கூட்டம் சேரவிடாதீங்கன்னு சொல்றாங்க” என்றாள்.

அந்த ஒரு மணி நேரம் லேசில் போகவில்லை. நாய்களைத் துரத்தினால் ஆட்கள் வந்தார்கள். ஆட்களைத் துரத்தினால் போனில் படமெடுக்கப் பையன்கள் வந்தார்கள். “சும்மா காலிபீலி தமாஷா பாக்காதிய. போங்க அங்கிட்டு” என்று மர்யம் துடைப்பத்தை ஓங்கினாள். வெயில் ஏறியது. ஹனீபின் பட்டறையிலிருந்து வந்த பழைய ரெக்சின் துணியை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மதிலுக்கும் மூங்கில் கழிக்கும் கட்டி, நரிக்கு நிழல் போட்டார்கள். விஜயலட்சுமி கொஞ்சம் தள்ளி நின்று தரையில் தண்ணீர் தெளித்தாள். நரி முட்டி மோதி ஓய்ந்து படுத்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் ஜாடிக்குள் ஆவி படிந்து முகம் மறைந்தது. மூச்சை இழுக்கும்போது தெளிந்தது. அந்தத் தெளிவில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன.

“பாரு, நம்மளயே பாக்கு” என்றாள் மர்யம். “அது மொகத்துல முழிச்சா நமக்கு நல்லதுங்குற. நம்ம மொகத்துல முழிச்சதே அது, அதுக்கு என்னட்டி நடக்கும்?”

“நல்லதுதான் நடக்கணும் லாத்தா.”

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் லாத்தா. மர்யம் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நரியின் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விஜயா, வயித்தப் பாத்தியா? பால் கட்டியிருக்கு. பிள்ளை பெத்தவ.”

ஆமாம். வயிற்றோரத்து மயிர் உதிர்ந்து, காம்புகள் சிவந்து புடைத்திருந்தன. அலையாத்திக் காட்டுக்குள் எங்கோ ஒரு பொந்தில் கண் திறந்தும் திறக்காத குட்டிகள் கிடக்கும். ராத்திரியே மாட்டியிருந்தால் எத்தனை நேரமாகப் பால் இல்லையோ.

“மருந்து வாங்கித்தான் வச்சேன்” என்றாள் மர்யம், கீழே பார்த்துக்கொண்டு. “கொடல் வாங்கப் போனேன். கடை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். கை வரலட்டி. அத ஒண்ட்ட வந்து சொல்லவும் வாய் வரல.”

“நானும் சுவரு வரைக்கும் வந்துட்டுத் திரும்புனேன் லாத்தா” என்றாள் விஜயலட்சுமி.

வனத்துறை வண்டி ஒன்பதேகாலுக்கு வந்தது. வந்த இருவரில் நகுல் என்ற இளைஞன்தான் பொறுப்பில் இருப்பவன்போலத் தெரிந்தான். வலையைப் போட்டு, முழங்கை வரை தோலுறை மாட்டிக்கொண்டு, நரியின் பிடரியைத் தரையோடு அழுத்தினான். கூட வந்தவர் ஜாடியின் விளிம்பைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார். விஜயலட்சுமி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மர்யம் உதட்டசைவில் துஆ ஓதினாள். ஜாடி இரண்டாகப் பிளந்து விழுந்தபோது நரியின் வாயிலிருந்து வந்தது உறுமல்கூட இல்லை. குழந்தை விக்கி முடித்து இழுக்கிற மாதிரி ஒரு நீண்ட மூச்சு.

ஒரு காது மடல் கிழிந்திருந்தது. வேறு காயம் இல்லை. வனவிலங்கு சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று நகுல் டாக்டருக்குப் போன் போட்டான். பால் இருக்கிறது என்பதைக் கேட்டதும், காயத்துக்கு மருந்து போட்டு இங்கேயே உடனே விட்டுவிடச் சொன்னாராம். எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிட்டு வலையை எடுத்தார்கள்.

நரி எழுந்தது. தள்ளாடியது. தலையை இரண்டு தடவை உதறியது. பிறகு பிளவில் ஏறி, சேற்றில் குதித்து, மரங்களுக்குள் போய்விட்டது. விஜயலட்சுமி மதிலில் கையூன்றிப் பார்த்தபடியே இருந்தாள்.

“ஒருதரம் திரும்பிக்கூடப் பாக்கல” என்றாள்.

“பிள்ளைங்க பசியாக் கெடக்குது. அவளுக்குத் திரும்பிப் பாக்க எங்கட்டி நேரம்” என்றாள் மர்யம். “வா, சாயா போடுதேன்.”

அன்று முழுக்க விஜயலட்சுமிக்குத் தான் கண்டுபிடித்த கணக்கைச் சொல்லி மாளவில்லை. நண்டு, தண்ணீர், அஷ்டமி, நவமி. மர்யம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். “அப்பம் எங்க கணக்குல பிறை ஏழு, எட்டு. அப்புறம் இருவத்திரண்டு, இருவத்திமூணு. அந்தந்த நாளு மட்டும் விடிய வெளுக்கதுக்கு முந்திக் கோழியத் தெறந்துவிடக் கூடாது. அம்புட்டுத்தானே. இத முன்னாலயே சொல்லிருந்தா செவப்பி இருந்திருப்பா.”

“முன்னால எனக்கே தெரியாதே லாத்தா.”

“அதுஞ்சரிதான்.”

ஹனீப் இரும்பு வலை வாங்கிவந்து கோழிகளுக்குப் புதுக் கூண்டு அடித்துக் கொடுத்தார். எலி மருந்துப் பொட்டலத்தை மர்யம் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதோடு அவள் நிற்கவில்லை. கடைசி வரிசையில் இருபத்திரண்டு வீட்டுக்கும் போனாள். காலி ஜாடியை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசக்கூடாது. குப்பையில் போடுவதானாலும் மூடியைத் திருகிப் போடு, இல்லாவிட்டால் நறுக்கிப் போடு. இந்த இரண்டு வாக்கியத்தைத் தமிழில், உருதுவில், மராத்தியில் சொல்லிக்கொண்டே போனாள். மறந்தவர்கள் வீட்டு வாசலில் மறுநாள் காலை அவர்கள் ஜாடியே கழுவித் துடைத்து உட்கார்ந்திருக்கும். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது, அவளுக்குப் பயந்தோ, நரிக்கு இரங்கியோ.

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலை, டிரம்மில் டியூபைப் போட்டுவிட்டு விஜயலட்சுமி சுவரில் தட்டினாள். மர்யம் இரண்டு டம்ளர் சாயாவோடு வந்து பிளவோரம் நின்றாள். தண்ணீர் வெகுதூரம் வற்றியிருந்தது. சேற்றின் நடுவே கிழிந்த காதோடு அந்தத் தாய்நரி நின்றது. பின்னால் நாலு குட்டிகள், சாம்பல் பந்துகள்போல. தாய் ஒரு நண்டைப் புரட்டி மல்லாத்திக் காட்டிவிட்டு ஒதுங்கியது. மூன்று குட்டிகள் தயங்கின. நாலாவது மட்டும் துள்ளிப் போய், புரட்டாமலே இன்னொரு நண்டின் மேல் வாய் வைத்தது. நண்டு அதன் மூக்கைக் கவ்விக்கொண்டது. குட்டி கத்திக்கொண்டு வட்டம் வட்டமாக ஓடியது, மூக்கில் நண்டு ஊசலாட. மற்ற மூன்றும் அதை விளையாட்டென்று நினைத்துப் பின்னாலேயே ஓடின.

மர்யம் சிரிப்புச் சத்தம் வெளியே போய்விடாமல் தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். சாயா டம்ளர் குலுங்கிக் கையில் கொட்டியது. விஜயலட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தானும் சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டிரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.