கமலாம்பாளுக்குச் சொன்ன படம்

அது 1984 மாசியா பங்குனியா என்று எனக்கு உறுதியில்லை. வெளியே போகையில் வைத்திலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தானா என்பதும் உறுதியில்லை. பார்த்ததாகத்தான் ஐந்து வருடமாகக் கனவு வருகிறது.

பத்திரம் எழுதிப் பதியும் நொத்தேர் அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்ப்பவன் நான். எங்கள் ஊர் தலத்தெருவில் எந்தப் பத்திரமானாலும் நான் வாசித்துச் சொன்னால்தான் நம்புவார்கள். வைத்திலிங்கமும் நானும் பத்து வருடமாக, ஒருவருக்கும் தெரியாமல், ஒருவரையொருவர் விரும்பியவர்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்திருந்த அவன், நீண்ட விடுப்பில் வந்தபோது ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்திருந்தான். ஆணை விரும்பும் ஆண்களைத் தண்டிக்கும் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் நடத்திச் சுடப்பட்ட ஓர் அச்சுக்கூடத் தொழிலாளியின் வாழ்க்கையைச் சொல்லும் பிரெஞ்சுப் படம்.

வரும் வைகாசிக்கு வைத்திலிங்கத்தின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அம்மாகிட்ட என் வாயால சொல்ல முடியலடா. படம் ஓடுறப்ப நீ வரிக்கு வரி தமிழ்ல சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. முடிஞ்சதும், நானும் அப்படித்தாம்மான்னு சொல்லி கல்யாணத்த நிறுத்திடுறேன்."

சரி என்றேன்.

ஞாயிறு பகல், வைத்திலிங்கம் வீடு. வாடகைக்கு எடுத்த வீடியோ டெக். வேறு முறையில் பதிந்த பிரான்சு கேசட் அதில் நிறமில்லாமல் ஓடியது. டெக் வந்தால் தெருவே வந்துவிடும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவன் அம்மா கமலாம்பாளுக்குப் பின்னால் இருபது பேர்.

"ஏங்க, கதாநாயகி எப்ப வருவா? தண்ணி எடுக்கப் போயிட்டாளா?" என்றான் பக்கத்து வீட்டு முத்தையன். எல்லோரும் சிரித்தார்கள்.

திரையில் தொழிலாளி இன்னொருவன் முகத்தைக் கைகளில் ஏந்தி, நீதான் என் வாழ்க்கை என்றான்.

நான் அதைத் தமிழில் சொல்லுமுன் கமலாம்பாள் என் பக்கம் திரும்பினார். "பெருமாளு, யாருப்பா அந்தப் புள்ள?"

வைத்திலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னாலிருந்த இருபது பேரையும் பார்த்தேன்.

"கூடப் பொறந்த தம்பிம்மா," என்றேன்.

அதன்பின் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. ஊர்வலம் கூலி உயர்வுக்கு என்றேன். திரையில் தொழிலாளியின் உதடுகள் ஒன்று சொல்ல, என் குரல் வேறொன்று சொன்னது. கனவில் என் குரல் இல்லை. அந்த உதடுகள் மட்டும் அசைகின்றன.

தொழிலாளியைச் சுட்டபோது கமலாம்பாள் அழுதார். "கூலி கேட்டதுக்கா கொன்னானுவோ, பாவிங்க!"

வைத்திலிங்கம் எழுந்தான். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். கேசட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. நாற்பதாம் நாள் பிரான்சுக்குப் போனவன் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. அவன் மனைவி மலர்க்கொடி குரும்பகரத்தில் அப்பா வீட்டில் இருக்கிறாள். கமலாம்பாள் 87இல் இறந்தார். முத்தையன் அந்தக் கூலிப் போராட்டக் கதையை இன்னும் டீக்கடையில் சொல்கிறான். நான் அதே அலுவலகத்தில் பத்திரங்களை மொழிபெயர்க்கிறேன். கேசட் என்னிடம் இருக்கிறது.