கார் ஷெட்டில் இருந்த பெட்டிகள்

அக்டோபரில் ஆட்டங்கள் முடிந்த பிறகு, வசந்தம் வரும் வரை கிளீவ்லாந்தில் பேஸ்பால் ரசிகனுக்கு மிஞ்சுவது வதந்திதான். யாரை எந்த அணிக்குக் கொடுத்துவிட்டு யாரை வாங்கப்போகிறார்கள், யாரோடு புது ஒப்பந்தம் என்று லெஸ்டர் நோவோட்னி காபி குடிக்கும் முன்பே போனைத் திறந்துவிடுவான். ஐம்பத்துநாலு வயது, தனிக்கட்டை. கோடையில் புல் வெட்டுவான். குளிர்காலத்தில் வண்டியின் முன்னால் இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு வீட்டு வாசல்களில் பனி தள்ளுவான். ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் அவன் பெயர் 'ஏரிக்காற்று'. பதினோரு வருடமாக எழுதியும் அவன் சொன்னதை அங்கே ஒருவரும் பொருட்படுத்தியதில்லை.

அவன் பனி தள்ளும் வீடுகளில் ஒன்று ராமிரோ ஒகாசியோவுடையது. ஊர் அணிக்கு மூன்றாவது பேஸில் ஆடுகிறவன், ஆறு வருடமாக ஊரின் செல்லப்பிள்ளை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை லெஸ்டர் அங்கே போனபோது கார் ஷெட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏழெட்டு அட்டைப்பெட்டிகள். ராமிரோ தரையில் மண்டியிட்டு ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். லெஸ்டர் கையசைத்தான். ராமிரோவின் கண்கள் இவன் பக்கம் திரும்பின; ஆனால் இவனைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

லெஸ்டர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி எழுதினான்: "ஒகாசியோ மூட்டை கட்டுகிறான். என் கண்ணால் பார்த்தேன். வேறு அணிக்குப் போவது உறுதி."

மதியத்துக்குள் வானொலியில் அதுதான் பேச்சு. சாயங்காலம் பாரில் அவன் கூட்டாளி கர்டிஸ் அவனைப் பார்த்ததுமே கத்தினான்.

"டேய், எவனோ ஏரிக்காத்தாம்டா! ஒகாசியோ வீட்டுக்குள்ளயே பூந்து பாத்த மாதிரி எழுதியிருக்கான்."

"நான்தான்டா அது."

"நீயா? போன வருஷம் ஒரு பிட்சர் நம்ம டீமுக்குக் கையெழுத்துப் போட்டுட்டான்னு குதிச்சியே, வந்தானா அவன்?"

"இந்தத் தடவ நேர்ல பாத்தேன்டா. பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கான்."

கர்டிஸ் அவனையே ஒரு கணம் பார்த்தான். பிறகு அவன் தோளை இழுத்து அணைத்துக்கொண்டு, பார் முழுக்கக் கேட்கும்படி அவன் பெயரைச் சொன்னான். லெஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை மறுபடி பனி. ராமிரோ வீட்டு வாசலில் தொலைக்காட்சிக்காரர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. ராமிரோவின் மனைவி யாமிலெத் செருப்புக் காலோடு பனியில் நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இவங்கள கொஞ்சம் நகரச் சொல்றீங்களா? டாக்டர்கிட்ட போகணும். வெளிய வரவே முடியல."

"சொல்றேம்மா." அதோடு விட்டிருக்கலாம். "ஊர விட்டுப் போறீங்களாமே?"

"யார் சொன்னா? எவனோ பெட்டியப் பாத்துட்டு எழுதிட்டான்." அவள் குரல் இறங்கியது. "அது எங்க பாப்பாவோட சாமான். தொட்டிலு, துணிமணி... ஏழாம் மாசத்துல, வயித்துலயே போயிட்டா. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்குள்ள அந்த ரூம காலி பண்ணிடணும்னு அவர் தனியா உக்காந்து கட்டினாரு." ஒரு கையால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னே தெரியல. வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேம்மா."

எழுதியதை அன்றே அழித்தான். அதற்குள் அது ஆயிரம் இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. ராமிரோவை விடப்போகிறார்கள் என்று நம்பி மற்ற அணிகள் கேட்க ஆரம்பித்தன. அதுவரை அவனை விடும் எண்ணமே இல்லாதிருந்த நிர்வாகம் யோசித்தது. ஜனவரி கடைசியில், பந்து எறியும் இரண்டு இளம் பிட்சர்களுக்காக அவனை மேற்குக் கடற்கரை அணி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"அவனேதான் போறேன்னு நின்னிருக்கான். டிசம்பர்லயே மூட்டை கட்டிட்டானே, துரோகி!" என்று வானொலியில் ஆள் மாற்றி ஆள் திட்டினார்கள். பெட்டிகளில் என்ன இருந்தது என்று சொன்னால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? "நான் எதையும் பார்க்கவில்லை, எல்லாம் பொய்" என்று எழுதிப் பார்த்தான். சொன்னதுதான் பலித்துவிட்டதே, இப்போது என்ன அடக்கம் என்று சிரித்தார்கள். அவன் வாயிலிருந்து அடுத்த சேதி வரக் காத்திருந்தார்கள்.

மார்ச் வரைக்கும் பேசிய வேலை. காலி வீட்டின் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். மாடி அறை ஒன்றில் திரைச்சீலை கழற்றப்பட்டு, இளமஞ்சள் சுவர் தெரிந்தது. ஒரு முறை பார்த்தான். அப்புறம் அண்ணாந்தே பார்க்கவில்லை. ஆனாலும் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் அங்கே யாரோ வந்து நிற்பது போல முதுகு சிலிர்த்தது. இன்ஜின் சத்தத்துக்கு நடுவே சர்ரென்று டேப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அது வீட்டிலும் கேட்கத் தொடங்கியது. சூப் டப்பாவைத் திறக்கும்போது, ஜாக்கெட்டின் ஜிப்பை இழுக்கும்போது.

மே மாதம் ராமிரோவின் புது அணி ஆட வந்தது. மாட்டேன் என்றவனைக் கர்டிஸ் இழுத்துக்கொண்டு போனான். ஒலிபெருக்கியில் பெயர் வந்ததும் முப்பதாயிரம் பேரும் ஊளையிட்டார்கள். லெஸ்டர் எழுந்து கைதட்டினான்.

"என்னடா பண்ற? மொதல்ல சொன்னவனே நீதானடா!" கர்டிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "உக்காருடா, அடிக்கப்போறானுங்க."

பின்னாலிருந்து எதுவோ வந்து அவன் கழுத்தில் பட்டுச் சிதறியது. அவன் உட்காரவில்லை. உள்ளங்கை எரிய எரியத் தட்டினான். அந்தக் கூச்சலில் அவன் கைதட்டல் அவனுக்கே கேட்கவில்லை. ராமிரோ குனிந்த தலை நிமிராமல் மட்டையை ஓங்கி நின்றான். சத்தம் அடங்கட்டும் என்று பிட்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அது அடங்கவே இல்லை.