இடப்பக்கம் நாற்காலி மட்டும்

மாமனார் இறந்து ஒன்பதாவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இடக்கண் படத்திலிருந்து எழுந்து போய்விட்டார். வலக்கண் படத்தில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்.

ஒரே காட்சியை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக எடுத்த ஃபிலிம் ஜோடி அது. பார்வைப்பெட்டியில் செருகி இரு கண்ணாலும் பார்த்தால் ஆள் எதிரிலேயே இருப்பார். அப்படிப்பட்ட பழைய ஜோடிகளை ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் துடைத்து, மறுபடி புது ஃபிலிமில் பதித்துக் கொடுப்பதுதான் மருமகளின் பிழைப்பு. மாமியாரின் இடக்கண்ணை வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடுத்துவிடப் போகிறார்கள். ஒற்றைக் கண்ணுக்கு எல்லாமே தட்டை. "அதுக்குள்ள அவர ஒரு தடவ முழுசா பாத்துடறேம்மா" என்று கேட்டிருந்தாள், இருபது வருஷத்தில் எதுவும் கேட்காதவள்.

கணினித் திரையில் மாமனார் இரண்டு பக்கமும் இருந்தார். பதித்துக் கழுவிய ஃபிலிமில் இடப்பக்கம் வெறும் நாற்காலி. ஆறு தடவையும் அதே கதை. "உயிரோட இருந்தப்பவும் ஒரு எடத்துல உக்காந்ததில்ல, இப்பவாச்சும் உக்காருங்க மாமா!" என்று மருமகள் கத்தினாள். "அப்பாவ அதட்டினா வேலைக்காகாது, கெஞ்சிப் பாரு" என்றான் புருஷன், நகம் வெட்டிக்கொண்டே. கெஞ்சினாள். கடைசியில் வெறுத்துப்போய், தொழிலில் யாரும் செய்யாத திருட்டுத்தனமாக, வலக்கண் படத்தையே இரண்டு பக்கமும் பதித்தாள். இடப்பக்கம் போனதும் அதிலிருந்தும் எழுந்து போனார், பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் பெட்டியைக் கண்ணில் வைத்தாள். "பாதி ஆளா வந்து வந்து மறையுறாரு. ஊரான் படமெல்லாம் நல்லா வருது, ஒம் மாமனார்னா மட்டும் ஒனக்குக் கை நடுங்குதா?"

கண்ணை எடுத்த ஒன்பதாம் நாள், கட்டோடு உட்கார்ந்து மாமியார் மறுபடி பெட்டியைக் கேட்டாள். ஜன்னல், மேசை, சுவர் எல்லாம் ஒட்டிவைத்த காகிதம்போலத் தட்டையாகக் கிடந்தன. அவர் மட்டும் திரண்டு முன்னால் வந்திருந்தார். மூக்கும் முழங்காலும் கைக்கு எட்டும்போல.

"கண்ணு போகப்போகுதுன்னு தெரிஞ்சு முன்னாடியே இந்த வலக்கண்ணுப் பக்கமா முழுசா வந்து உக்காந்துட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சா என்ன? அந்தப் பொண்ண ஏழு தடவ பாடாப் படுத்திட்டு!" என்று திட்டினாள் மாமியார், பெட்டியைக் கீழே வைக்காமலேயே.

மருமகள் உறையின்மேல் எழுதினாள்: இடப்பக்கம் நாற்காலி, வலப்பக்கம் மாமா. பிறகு அடுத்த வாடிக்கையாளரின் கல்யாண ஃபிலிம் ஜோடியை எடுத்து, முதல் வேலையாக, இரண்டு பக்கமும் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தாள்.