ஒலி அளவு பூஜ்யம்

அழுத்தியது ஒரே ஒரு பொத்தானைத்தான். கத்தியது ஏழு இன்ஜின்களும்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர். வீட்டின் பின்னறையை அடைத்துக்கொண்டு கிடக்கும் மேசை மேல் அவருடைய ரயில் பாதை வளைந்து வளைந்து ஓடுகிறது. பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் மனிதருக்கு முகம் சுண்டிப்போகும். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு இன்ஜினின் வயிற்றுக்குள்ளும் நகக்கண் அளவில் ஒரு சில்லு, ஒரு குட்டி ஸ்பீக்கர். கையிலிருக்கும் ரிமோட்டில் இன்ஜினின் எண்ணைத் தட்டினால் அது மட்டும் ஓடும், கூவும், பிரேக் போட்டுக் கிறீச்சிடும். எந்தச் சத்தம் எவ்வளவு என்பதைச் சில்லுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அந்த இன்ஜினை ஓரத்தில் உள்ள தனித் தண்டவாளத்துக்குக் கொண்டுபோய், சுவிட்சைத் தள்ளி, மற்ற பாதையின் தொடர்பைத் துண்டித்துவிட்டுத்தான் கட்டளை அனுப்ப வேண்டும்.

நீல டீசல் இன்ஜினின் ஹாரனைக் குறைக்கலாம் என்று நல்ல மனதோடுதான் அன்று காலை உட்கார்ந்தார். இன்ஜினை ஓரத்துக்குக் கொண்டுபோனார். சுவிட்சைத் தள்ள மறந்தார்.

நீலத்தின் அமைப்புகள் ஏற்கெனவே கன்னாபின்னாவென்று கிடந்ததால், 'எல்லாவற்றையும் மறந்து கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடு' என்று கட்டளை கொடுத்தார். ஒன்றுக்குச் சொன்னது ஏழின் காதிலும் விழுந்தது. ஏழும் பழசை மறந்தன. கம்பெனி வைத்த ஒரே எண்ணுக்கு மாறின. கம்பெனி வைத்த முழுச் சத்தத்தோடு தயாராக நின்றன. அவர் ஹாரனை அழுத்தினார்.

"என்னங்க," என்று வாசலில் வந்து நின்றாள் மனைவி. "அப்பா கண்ணாடி டீ கப்புக்குள்ள நீச்சல் அடிக்குது. நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடிதானே, நீங்களே வந்து கரையேத்துங்க."

சுவருக்கு அந்தப்பக்கம் மாமனார் இருந்தார். இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, இனி மகள் வீடுதான் என்று வந்து சேர்ந்தவர். வந்ததிலிருந்து ஜன்னலைப் பார்த்தபடி, பேச்சில்லாமல் கிடந்தார். அமைதி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரரைப் பயமுறுத்தியது அந்த ஒரு சொல்தான். சத்தம் தொந்தரவு என்றால் பாதையைப் பிரிக்க வேண்டியதுதான். கார் நிற்கும் கொட்டகையில் போட்டால் ஈரத்தில் தண்டவாளம் துருப்பிடிக்கும். வேறு இடம் கிடையாது. இன்ஜின்களை அள்ளிக்கொண்டுபோக, அதே பைத்தியம் பிடித்த பல் டாக்டர் நண்பன் ஒருவன் பையோடு காத்திருந்தான்.

ஆகவே அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ரயில் இருக்கலாமா, கூடாதா?

கடையில் இது எவ்வளவு சுலபம்! "இதுல தெளிவா தெரியுதா, அதுலயா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டால், பிறந்ததிலிருந்து ஒரு முடிவும் எடுத்திராதவன்கூட "இதுல" என்று சொல்லிவிடுவான். ஆனால் மாமனார் ஓய்வுபெற்ற வக்கீல்.

"மாமா, ரயில் சத்தம் தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவுன்னு நான் எப்பவாவது சொன்னேனா மாப்பிள்ளை?"

"அப்போ தொந்தரவு இல்லையே?"

"இல்லன்னு சொன்னேனா?"

மனைவியோ கணக்கு டீச்சர். விடையைத் தானே சொல்லிவிடுவது அவள் தொழில் தர்மத்துக்கு விரோதம். "நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

யோசித்தார். ஒவ்வொரு இன்ஜினாக ஓரத்துக்குக் கொண்டுபோய், சுவிட்சைத் தள்ளினோமா என்று குனிந்து குனிந்து பார்த்து, பழைய எண்களைத் திருப்பிக் கொடுத்தார். சத்தத்தைப் பாதியாக்கினார். பிறகு கால்வாசி. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பூஜ்யம். இன்ஜின்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வாயைத் திறக்காமல் ஓடின. பிள்ளையைப் பட்டினி போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய தகப்பனாக அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு நாள் கழித்துச் சாப்பிடும்போது மாமனார் கேட்டார்: "என்ன மாப்பிள்ளை, இன்னிக்குச் சரக்கு வண்டி லேட்டோ?"

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரக்கு வண்டி லேட்டுதான். ஒரு பெட்டி தடம்புரண்டுவிட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"காது எதுக்கு இருக்கு?"

பூஜ்யத்துக்குக் கீழே எண் கிடையாது. எனவே ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இன்ஜின்களின் கூட்டைக் கழற்றி, ஸ்பீக்கர் கம்பிகளைச் சாலிடரிலிருந்து பிரித்து, ஸ்பீக்கர்களை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். பிறகு நிம்மதியாகச் சரக்கு வண்டியை ஓட்டிப் பார்த்தார்.

மாலையில் மாமனார், "பிரேக் இன்னிக்குக் கொஞ்சம் ஓவர். காதைக் கிழிச்சிருச்சு," என்றார்.

கண்ணாடிக்காரர் கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"ஸ்பீக்கரே இல்லடா. ஆனா அவருக்குக் கேக்குது!"

"சில பேருக்குப் பல்லைப் புடுங்கின அப்புறமும் அந்த இடத்துல வலிக்கும்," என்றான் நண்பன். "அது சரி, உனக்கு என்னடா, தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?"

"நாலஞ்சு நாளாவே இப்படித்தான். கடைக்கு வர்றவங்களும் கேக்குறாங்க. வெந்நீர் குடிச்சுப் பார்க்குறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"சரி, சரிப்பட்டு வரல்லைன்னா வண்டிகளை இங்க அனுப்பிடு. நல்லா பாத்துக்குறேன். நீலத்துக்குத் தனி அலமாரி!"

அந்தத் தனி அலமாரியில்தான் அவர் மனம் உடைந்தது. ஸ்பீக்கர் இல்லாமலே கேட்கிறதென்றால் மனிதருக்கு எவ்வளவு உபத்திரவம் ஆகியிருக்க வேண்டும்! வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஜாடையாகச் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறோமே என்ற சங்கடம். உடம்புக்கு முடியாத மனிதரை இப்படியா படுத்துவது? ஞாயிறு காலை இன்ஜின்களைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். நீலத்தை மட்டும் கடைசியாக ஒரு சுற்று விட்டார். அது வளைவில் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"எதுக்குப் பெட்டி?" வாசலில் மனைவி.

"மாமாவுக்குச் சத்தம் ஆகல்ல. குடுத்துடறேன்."

அவள் பெட்டியைப் பார்த்தாள், டப்பாவில் கிடந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொள்ளவில்லை.

"இப்ப வளைவுல யாருங்க 'பூ... பூஊ...'ன்னு கூவினது?"

"நீலம்... அதுக்குத்தான் ஸ்பீக்கரே..." அவர் கை தானாகப் போய்த் தொண்டையைத் தொட்டது.

"கிளம்பும்போது 'டர்ர்ர்'. பாலத்துல 'கடகடக் கடகட'. நிக்கிறப்போ 'க்ரீஈஈச்'. எச்சில் வேற தெறிக்குது. வண்டி வாயைப் பொத்தின நாள்லேர்ந்து நீங்கதாங்க கத்திக்கிட்டிருக்கீங்க!"

"நானா?"

"பின்ன, நானா? வாய் விட்டுச் சிரிச்சா இடுப்பு வலிக்குதுன்னு அப்பா தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குறாரு. வந்ததிலேர்ந்து இப்பதான் சிரிக்குறாரு. சொல்லிட்டா மாப்பிள்ளை நிறுத்திடுவாரு, சொல்லாதேன்னு என் வாயையும் கட்டிப்போட்டாரு."

கண்ணாடிக்காரரின் காது மடல் சிவந்துவிட்டது. பெருங்குற்றம் செய்தவர்போல் நீல இன்ஜினைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். சுவரைப் பார்த்துக் கரகரத்த குரலில் கேட்டார்:

"மாமா! சிரிப்பெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். ரயில் இங்க இருக்கலாமா, வேண்டாமா?"

சுவருக்கு அந்தப்பக்கம் தலையணை நகரும் ஓசை. ஒரு செருமல். இன்னொரு கேள்வி வரப்போகிறது என்று மனைவியும் கணவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கணும் மாப்பிள்ளை," என்றார் வக்கீல்.