அப்பாக்க சத்தம்

அஞ்சுகிராமத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த முத்துநாயகம் கடையில் வாய் ஓயாமல் பேசுவார், வீட்டில் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. ஆனால் அவர் பேசத் தொடங்கினாலே மனைவி தாணம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள். தன் குரல் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவராகவே எண்ணிக்கொண்டார். கேட்கக் கூச்சம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, சோறு, வெந்நீர், கடைச்சாவி என்ற அளவில் நின்றுபோனது.

மகள் செல்லக்கனி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் அது. மணி அடித்தால் பிள்ளை கண்ணை இறுக்கிக்கொள்கிறது, என்னவென்று கேட்டால் மஞ்சளாகக் குத்துகிறது என்கிறது என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். முத்துநாயகம் பயந்துபோனார். கடையை அடைத்துவிட்டு மகளையும் மனைவியையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் பளிங்குபோல இருக்கிறது, பிள்ளைகள் இப்படி எதையாவது சொல்லும், வளர்ந்தால் மறந்துவிடும் என்றார். தாணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது மயிலாடியில் பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். ஆடிச் சாரல் பெய்து வெறித்த சாயங்காலம். சாலையோரக் கொட்டகையில் கல்தச்சர்கள் சிலை செதுக்கிக்கொண்டிருந்தார்கள். உளிச்சத்தம் ஈரக்காற்றில் மிதந்து வந்தது. செல்லக்கனி புளியமரத்தடியில் நின்று கண்ணை மூடினாள். முகம் மலர்ந்தது.

"பச்சை பச்சையா உதிருது," என்றாள்.

"பச்சை இல்ல மக்கா, வெள்ளி."

சொன்னது தாணம்மாள். அவளும் கண்ணை மூடியிருந்தாள். கணவர் பக்கத்தில் நிற்பது பிறகுதான் நினைவுக்கு வந்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் இனிக் கிளம்பாது என்று தெரிந்ததும் மூவரும் நடந்தார்கள். வழியில் தாணம்மாள் மெல்லச் சொன்னாள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே எல்லாச் சத்தத்துக்கும் நிறம் உண்டு. அம்மி அரைக்கும் சத்தம் செம்மண். காக்கை கரைந்தால் கருநீலம். ஒருநாள் தாயாரிடம் சொன்னபோது, பேய்க்கோளாறு என்று பேர் வந்தால் எவன் கட்டுவான் என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். அன்றோடு யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நிறம் மட்டும் மறக்கவே இல்லை.

வயலெங்கும் தவளைகள்.

"ஏட்டி, நான் பேசும்போ கண்ண மூடுவியே..." முத்துநாயகத்தால் முடிக்க முடியவில்லை.

"திறந்திருந்தா சரியாத் தெரியாது," என்றாள் தாணம்மாள். "பழுத்த பாக்குக்க நிறம். ஓரமெல்லாம் பொன்னு மாதிரி. நீங்களாத்தான் பேச்ச நிறுத்திட்டிய. எனக்க மேல கோவம்னு நெனச்சேன்."

இத்தனை காலம் ஒரே கூரையின் கீழே ஆளுக்கொரு தப்பெண்ணத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

செல்லக்கனி விடவில்லை. "இல்லம்மா. அப்பாக்க சத்தம் நீலம். துணிக்குப் போடுற நீலம் இல்ல, கடலுக்க நீலம்."

தாயும் மகளும் வழக்கடித்தார்கள். தீர்த்துக்கொள்ள அவரை இன்னொரு தரம் பேசச் சொன்னார்கள். கடையில் நாளெல்லாம் பேசுகிறவருக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. கடைசியில் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். மேகம் தாழ இறங்குவதை, கொக்குகள் குளத்துக்குப் போவதை, யாரோ வரப்பில் மறந்து வைத்துவிட்டுப் போன மண்வெட்டியை.

இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். விழுந்துவிடக்கூடாதே என்று ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை தானும் மூடிப் பார்த்தார். வெறும் இருட்டுதான். அதில் அவருக்கு வருத்தமில்லை.

பேசிக்கொண்டே நடந்தார். குளக்கரை வந்தபோது, இந்த இடத்தில் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது, காலைத் தூக்கி வையுங்கள் என்றார். இருவரும் தூக்கி வைத்தார்கள்.